ஆனி இருபதில் கொடுத்த நோட்டீஸ்

இரண்டு மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்று
இருபது ரூபாய் முத்திரைத்தாளின்
ஏழாவது பத்தியில் இருக்கிறது.
தெரிவித்தோம், ஜூலை நான்காம் தேதி,
வாடகையைக் கையில் கொடுத்து, வாயால்.
"எழுதிக் குடுங்க" என்றார் குணபூஷணி அம்மாள்.
எழுதிக் கொடுத்தோம்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தவர்
"ஒண்ணாம் தேதிலேர்ந்துதான் மாசம்.
நாலாம் தேதியில எந்த ஊர்ல மாசம் பொறக்குது?" என்றார்.

ஜூலையின் மிச்சம் இருபத்தெட்டு நாள்
இப்படி எந்தக் கணக்கிலும் சேராமல் கிடந்தது.
அதிலும் சமைத்தோம், மோட்டார் போட்டோம்,
ஜோதிவேலுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது.

ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள்.
கெடு முடிவதோ புரட்டாசியில்,
அப்போதும் யோசிப்பார்கள்.
நடுவில் ஒரே ஒரு ஆவணி.
அதற்குள் இந்த வீடு
யாருக்காவது பிடித்தாக வேண்டும்.

ஏனென்றால் எங்கள் ஒன்றரை லட்சம்
என்றைக்கோ மொட்டைமாடித் தளமாகி
கிரில் கேட்டாகி
அவர் மகளின் வளைகாப்பாகிவிட்டது.
அவர் அதை மறைக்கவில்லை.
"புதுசா வர்றவங்க குடுத்ததும் குடுத்துடறேன் கண்ணு.
கையில வச்சிருந்தா நான் ஏன் வாடகைக்கு விடறேன்?"

வந்தார்கள்.
கழுவாத பாத்திரங்களைப் பார்த்தார்கள்,
சாமி எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்தார்கள்.
இரவு ஷிப்ட் முடிந்து நான் படுத்திருந்த அறையை
ஒருவர் டேப் வைத்து அளந்தார்.
பத்துக்குப் பதினொன்று.
நான் போர்வைக்குள் மூச்சைப் பிடித்திருந்தேன்,
அளவு தவறிவிடக் கூடாதென்று.

பெயின்ட் காசில் பிடிப்பார்கள் என்று
சுவரில் இருந்த பதினோரு ஆணித்துளைகளையும்
பற்பசையால் அடைத்தான் ஜோதிவேல்.
இரண்டு நாள் கூடம் முழுக்கப் புதினா வாசம்.

ஆவணி மூன்றாம் ஞாயிறு
அவர்கள் வந்தார்கள்.
அவர், மருந்துக்கடைச் சீருடையில் அவள், ஒரு சிறுமி.
லாரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை,
கரண்ட் யூனிட் எவ்வளவு,
வண்டி எங்கே நிறுத்துவது,
எல்லாம் கேட்டு முடித்து
குணபூஷணி அம்மாள் மாடிப்படிக்கு நகர்ந்ததும்
அவள் குரலைத் தாழ்த்தினாள்:
"மழைக்கு?"

முழங்கால் உயரத்தில்
மூன்று கோட் பெயின்டுக்கு அடியில் ஒரு கோடு இருக்கிறது.
தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.
புழுதிவாக்கத்தில் எந்த வீட்டில்தான் இல்லை.

"தெருவுல கொஞ்சம் நிக்கும்" என்றேன்.

ஐந்து வருடம் முன்பு
இதே இடத்தில் நின்று கேட்டபோது
எனக்குக் கிடைத்த வாக்கியமும் இதுதான்.
சொன்னவள் பெயர் தெரியாது,
மூட்டை கட்டிய பாத்திரங்களோடு நின்றிருந்தாள்.
அவளுடைய அட்வான்ஸும் அன்று
என் கைப்பையில்தான் இருந்திருக்கிறது.

அவர் முன்பணத்துக்குக் கைபேசியை எடுத்துவிட்டார்.
அடுக்களையிலிருந்து சிறுமி கூப்பிட்டாள்:
"அம்மா, இங்க ஃபிரிட்ஜ் ஏன் செங்கல் மேல ஏறி நிக்குது?"

காலுக்கு இரண்டாக எட்டுச் செங்கல்.
காலையிலேயே எடுத்துவிடச் சொல்லியிருந்தான் ஜோதிவேல்.
மறந்துவிட்டேன் என்று
அவனிடம் சொல்லிக்கொள்ளலாம்.

அவள் போய்க் குனிந்து பார்த்தாள்.
பிறகு நிமிர்ந்து என்னை.
படியில் குணபூஷணி அம்மாளின் செருப்புச் சத்தம் நின்றது.

பதில் சொல்ல
எனக்கு எத்தனை நாள் அவகாசம் என்று
ஏழாவது பத்தியில் இல்லை.